பலகையின் இரண்டாவது வரி

கரோல் பாக்கில் ஒரு துணிக்கடையின் மாடியில்தான் வழக்கறிஞர் ஜெயசீலனின் அலுவலகம். வாசல் பலகையில் ஆங்கிலத்தில் பெயரும் தொழிலும் மட்டுமே இருக்கும். எந்தச் சங்கத்தில் என்ன பதவி, எந்த வழக்கில் கெட்டிக்காரர் என்றெல்லாம் ஒரு வக்கீல் பலகையில் பீற்றிக்கொள்ளக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஜெயசீலனுக்கு அது தலைகீழ்ப் பாடம். அதனால்தான் பீற்றலை மட்டும் அதற்குக் கீழே இரண்டாவது வரியாகத் தமிழில் எழுதிவைத்தார்.

‘சட்டச் சுடர் விருதாளர், தமிழ் வழக்கறிஞர் பேரவைத் துணைத்தலைவர், தொழிலாளர் வழக்குகளில் வல்லவர்.’

டெல்லியில் எந்த அதிகாரி தமிழ் படிக்கப்போகிறார்? எழுதிய பெயிண்டரே தாளைப் பார்த்துப் படம்போல வரைந்தவன்தான். கீழ்க்கடைக்காரர் ஒருநாள், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். “பகவான் பேருதான் பையா” என்று இந்தியில் அளந்துவிட்டார் ஜெயசீலன். பாவம், அந்த மனிதர் அன்றிலிருந்து கடை திறக்கும்போதெல்லாம் பலகையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுகிறார்.

விருதின் லட்சணம் இதுதான்: சங்க விழாவில் மதியச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்த எல்லோருக்கும் ஒரு பொன்னாடையும் பட்டமும் உண்டு. பேரவையில் இருப்பதே நான்கு பேர், நான்கு பேருக்கும் பதவி. அவர் நடத்தியதெல்லாம் வாடகை வழக்குகள். தொழிலாளர் வழக்கு ஒன்றே ஒன்று, அதுவும் சமரசத்தில் முடிந்தது.

அந்த வரியை நம்பித்தான் அல்போன்சா படியேறினாள். தூத்துக்குடிக்காரி. ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு வருஷம் நர்ஸ். ஒருநாள் கேட்டிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டு, அவளாகவே வேலைக்கு வராமல் நின்றுவிட்டாள் என்று எழுதிவிட்டார்கள். ருக்மிணி என்ற வக்கீலைத் தேடி வந்தவள் அவள். இருபது வருஷமாகத் தொழிலாளர் வழக்கு மட்டுமே நடத்தும் அந்த அம்மாவின் பலகையில் வெறும் பெயர்தான். அதற்கு நான்கு கதவு முன்னால் தாய்மொழியில் இத்தனை பெருமை எழுதியிருந்தால் யார்தான் நிற்கமாட்டார்கள்?

ஜெயசீலன் உழைக்காமல் இல்லை. ஆனால் கேட்டில் இருந்த வருகைப் பதிவேட்டை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லி மனுப் போடவேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவள் வந்து நின்ற நேரம் அதில் இருந்திருக்கும். ஆதாரம் இல்லை என்று தீர்ப்பு வந்தபோதுதான் உறைத்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அல்போன்சா காகிதங்களை வாங்கிப்போக வந்தாள். கையில் ஒரு டப்பா அல்வா வேறு.

“ஹைகோர்ட்டுக்குப் போகலாம்மா” என்றார்.

“வேணாம் சார். விருது வாங்குன நீங்களே பேசியும் எடுபடலன்னா, எம்மேலதான் தப்பு இருக்கும். அன்னைக்கு கேட்ல இன்னுங் கொஞ்சம் நின்னு பாத்திருக்கணும். வீட்லயும் அப்படித்தான் சொல்லுதாவ. நீங்க மனசக் கஷ்டப்படுத்திக்காதீய.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. சும்மா இருந்தால் அவர் பெயர் கெடாது. இவள் மட்டும் ஆயுசுக்கும் தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருப்பாள். கேடுகெட்ட வேலை செய்துவிட்டோம் என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளை வாசலுக்கு அழைத்துவந்து பலகையைக் காட்டினார்.

“இந்த இரண்டாவது வரி எழுதவே கூடாதும்மா. எங்க விதியிலேயே அதுக்கு இடமில்ல. யாருக்கும் படிக்கத் தெரியாதுன்னு தமிழ்ல எழுதினேன். அந்த விருது சாப்பாட்டுக்குக் காசு கொடுத்து வாங்கினது. உங்க மாதிரி கேஸ் நான் நடத்தினதே இல்ல. கேட் ரெஜிஸ்டரைக் கேட்டிருக்கணும், கேக்காம விட்டுட்டேன். ருக்மிணி மேடம்கிட்ட போங்க. என் தப்பு என்னன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

கத்துவாள், அழுவாள் என்று தலைகுனிந்து நின்றார். பார் கவுன்சிலுக்குப் போவேன் என்று சொன்னாலும் சரி என்றுதான் நின்றார். அல்போன்சா பலகையை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

“அப்ப, எம்மேல தப்பு இல்லயா சார்?”

“இல்லம்மா” என்றார். அவளைத்தான் அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.