காற்புள்ளிக்குப் பின்னால் அக்கா

"இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சேலத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று படித்தவர்களுக்கும் தெரியும், படிக்காதவர்களுக்கும் தெரியும். அக்காவை வேனில் படுக்கவைத்து மலைக்குக் கொண்டுவந்தோம். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாள். மலையில் எங்கள் பகுதிக்குத் திண்ணனூர் நாடு என்று பெயர், அங்கே எங்கள் வீடு வரைக்கும் வண்டி போகாது. கடைசித் தூரத்தைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடந்தார்கள். படுக்கவைத்துப் போர்த்திவிட்டு நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, நீ லைப்ரரியிலதான இருக்கற. நான் எழுதுனதெல்லாம் எங்கியாச்சும் இருக்குதான்னு பாரு. ஆராச்சும் படிச்சாங்களான்னு பாரு. அது தெரிஞ்சா போதும் எனக்கு."

அடிவாரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி மலைக்கு வருவேன், திங்கள் விடிகாலையில் இறங்குவேன். ஊரார் எழுதியதைத் தேடிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அக்கா எழுதியதைத் தேட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? "அடுத்த சனிக்கிழம கையில கொண்டாந்து குடுக்கறேன், பாரு" என்று பெரிய மனுஷியாட்டம் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா எழுதியது மரவள்ளியைப் பற்றி. எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். அதற்குத் தேமல் நோய் என்று ஒன்று வரும். இலை மஞ்சள் திட்டுத் திட்டாகிச் சுருண்டுபோகும், கிழங்கு விரல் தண்டிக்குமேல் பருக்காது. அந்த நோயைப் பரப்பும் வெள்ளை ஈ மலையில் எந்த உயரம் வரைக்கும் ஏறி வருகிறது என்பதுதான் அவளுடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி. எங்கள் சொந்தத்தில் அந்தப் படிப்பு படித்தவர் வேறு யாரும் இல்லை, ஆணும் இல்லை பெண்ணும் இல்லை.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பொட்டப்பிள்ளைக்கு எதற்கு இத்தனை படிப்பு என்று, அவள் ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து அவளோடு பேச்சை விட்டுவிட்டார். அக்கா எங்கள் காட்டிலேயே ஒரு பாத்தியில் நோய்க் குச்சிகளை நட்டு, ஈ கணக்கெடுப்பதற்காக விட்டுவைத்திருந்தாள். அப்பா ஒருநாள் அத்தனையையும் வேரோடு பிடுங்கி எரித்துவிட்டார். அவர்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. சீக்குச் செடியைத் தெரிந்தே காட்டில் விட்டுவைக்கிற குடியானவன் எங்கே இருக்கிறான்? பக்கத்துக் காட்டுக்காரன் சண்டைக்கு வந்துவிடுவான். மறு வருஷம் அக்கா வேறொரு ஊரில் ஒருவர் காட்டைக் கெஞ்சி வாங்கி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம். மாப்பிள்ளைக்கு, அதாவது மாமாவுக்கு, கீழே ஒரு ஆபீசில் வேலை. பெண்டாட்டி டாக்டர் என்று கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளப் பிடித்திருந்தது. அவள் வீட்டில் உட்கார்ந்து எழுதுவது பிடிக்கவில்லை. அச்சாகி வந்த கட்டுரைகளை அக்கா ஒரு அட்டைப்பெட்டியில் வைத்திருந்தாள். ஆடிக்கு அவள் மலைக்கு வந்திருந்த சமயம், பழைய பேப்பரோடு பேப்பராக அந்தப் பெட்டியையும் மாமா எடைக்குப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் வெகுநாள் இருக்கவில்லை. திரும்பி வந்தாள், வேலையும் அமையவில்லை, பின்னாலேயே நோய் வந்தது. ஆக, அவள் எழுதியதில் ஏதாவது மிச்சம் இருந்தால் எங்கோ ஒரு நூலகப் பட்டியலில்தான் இருக்க வேண்டும்.

ஆசிரியர் பெயர் என்ற கட்டத்தில் அக்கா பெயரைத் தட்டினேன். ஒரு பட்டாளமே வந்து நின்றது. அம்மன் பெயர், தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். ஒருத்தி மீனைப் பற்றி எழுதியிருந்தாள், ஒருத்தி பல்லைப் பற்றி, ஒருத்தி சிமெண்ட்டைப் பற்றி. எங்கள் படிப்பில் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று உண்டு. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆளின் சொந்தப் பெயரை முதலில் எழுது, காற்புள்ளி வை, அதற்குப் பின்னால் இனிஷியலைப் போடு. எங்கள் நூலகத்தில் அத்தனை பேரையும் நான் அப்படித்தான் பட்டியலில் ஏற்றியிருக்கிறேன். அந்த முறையிலேயே தேடினேன், இல்லை. இனிஷியலை முன்னால் வைத்துத் தேடினேன், இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு மாறிய இனிஷியலைப் போட்டேன், அதிலும் இல்லை.

மரவள்ளி என்று பொருளைப் போட்டால் உலகமே அதைப் பற்றி எழுதித் தள்ளியிருந்தது. தலைப்பைச் சொல்லு என்றால் அக்காவுக்கு நினைவில் இல்லை. வலிக்குக் கொடுத்த மாத்திரைகள் அதையெல்லாம் தின்றுவிட்டன. பத்திரிகையின் பெயரையாவது சொல் என்றேன். "என்னமோ பச்ச அட்ட போட்டிருக்கும்" என்றாள். பச்சை அட்டையை வைத்துக்கொண்டு நான் எந்தக் கட்டத்தில் தட்டுவது? அவளுக்கு வழிகாட்டிய பேராசிரியரைப் பிடிக்கலாம் என்றால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். ஆய்வேட்டையாவது கேட்போம் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினால், அந்த வருஷத்து ஏடுகள் இன்னும் பட்டியலில் ஏறவில்லை என்றார்கள்.

சனிக்கிழமைதோறும் நான் வாசலில் கால் வைத்ததும் "கெடச்சுதா?" என்பாள். கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, கரண்ட் இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். வாரத்துக்கு வாரம் போர்வைக்குள் ஆள் குறைந்துகொண்டே வந்தாள். ஒரு வாரம் அவள் கேட்கவே இல்லை. நானாகவே இன்னும் தேடுகிறேன் என்று ஆரம்பித்தேன்.

"உட்டுரு கண்ணு. ஒருவேள நான் எழுதவே இல்லியோ என்னமோ. எழுதுனதாட்டம் நெனச்சுக்கிட்டிருந்தனோ?"

சாகப்போவதை அவள் ஒருமாதிரி ஏற்றுக்கொண்டிருந்தாள். ஆனால் வாழ்ந்ததே பொய்யோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டு சாகிற நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது. திங்கட்கிழமை இறங்கும்போது பஸ்ஸில் அந்தப் பட்டியல்களைச் செய்தவர்களை எல்லாம் மனதார வைதுகொண்டே போனேன்.

அந்த வாரம் வேறு மாதிரி ஆரம்பித்தேன். மரவள்ளி நோயைப் பற்றி யார் எழுதிய கட்டுரை கிடைத்தாலும் திறந்து, அதன் வாலில் இருக்கிற மேற்கோள் பட்டியலை மட்டும் படித்தேன். எவனாவது ஒருவன் அவளைப் படித்திருந்தால் அங்கே சொல்லித்தானே ஆக வேண்டும். கண் பூத்துப்போகிற வேலை. புதன்கிழமை வாக்கில், ஆப்பிரிக்காவில் எழுதப்பட்ட ஒரு கட்டுரையின் வாலில் எங்கள் அப்பா இருந்தார்.

அப்பாவின் பெயர் எங்கள் குலசாமியின் பெயர். இந்த மலையைத் தாண்டி யாருக்கும் அந்தப் பெயர் வைத்து நான் கேட்டதில்லை. அதை இங்கிலீஷ் எழுத்தில் முதல்முறையாகப் பார்க்கிறேன். கைநாட்டு வைக்கிற மனுஷர், மிளகுக் கொடியையும் குச்சிக்கிழங்கையும் தவிர வேறெதுவும் அறியாதவர், வெள்ளை ஈயைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்! அவர் பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி. காற்புள்ளிக்குப் பின்னால் ஒற்றை எழுத்து, ஒரு புள்ளி. அக்கா பெயரின் முதல் எழுத்து.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டுரையை அனுப்பும்போது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருப்பார்கள். அக்கா இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதியிருக்கிறாள். நம் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான், வேறு எதை எழுதுவார்கள்? அவர்கள் அதைத் தூக்கி முன்னால் வைத்து, அவளைச் சுருக்கிப் பின்னால் போட்டுவிட்டார்கள். வாழ்நாள் முழுக்க அவளுக்கு இனிஷியலாக இருந்தவர் பட்டியலில் ஆளாகிவிட்டார், ஆள் இனிஷியலாகிவிட்டாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். அப்பா பெயரைத் தட்டினேன். நான்கு கட்டுரைகள் வந்தன. மாமா பெயரைத் தட்டினேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் எழுதிய ஐந்தாவது வந்தது. எடைக்குப் போட்ட புண்ணியவானும் விஞ்ஞானி. நோகாமல் நோன்பு கும்பிடுவது என்பார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடைக்க மாட்டார்கள்.

அத்தனையையும் அச்செடுத்துக்கொண்டு போனேன். அவளை மேற்கோள் காட்டியிருந்தவர்களின் பக்கங்களையும் எடுத்திருந்தேன். நான் நினைத்ததைவிட நிறையப் பேர். அப்பா அவளுக்குச் சாமைக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார். அம்மா இல்லாத வீட்டில் அவளைக் குளிப்பாட்டுவது தவிர எல்லாம் அவர்தான். ஆனால் பேச்சு மட்டும் அப்போதும் "கஞ்சி குடி", "மாத்தர போடு" என்ற அளவில்தான் இருந்தது.

"கெடச்சிருச்சுக்கா" என்றேன். அவள் முகம் மாறியதை என்னால் எழுத முடியவில்லை. ஆப்பிரிக்கக் கட்டுரையிலிருந்து சில வரிகளைத் தமிழாக்கி வாசித்தேன். நோய் ஏறும் உயரத்தை முதலில் சரியாக அளந்து சொன்னவர் இன்னார் என்று அதில் எழுதியிருந்தது. இன்னார் வருகிற இடத்தில் எல்லாம் அப்பா பெயரை விழுங்கிவிட்டு அக்கா பெயரைச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூன்று நான்கு வரி ஆனதும் கையை நீட்டினாள்.

"அந்தப் பேப்பரக் குடு, நானே பாக்கறேன்."

கொடுக்காமல் இருக்க முடியாது. முகத்துக்குப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"இது அப்பா பேரு."

நடந்ததைச் சொன்னேன்.

"கடசியா எழுதுனது?"

"அது மாமா பேருல இருக்குதுக்கா."

"அப்ப நான் எங்கடி இருக்கறேன்?"

காற்புள்ளிக்குப் பின்னால் இருந்த எழுத்தைத் தொட்டுக் காட்டினேன். அவளும் அதன்மேல் விரலை வைத்தாள். நகத்துக்கு அடியில் எழுத்து மறைந்துவிட்டது. "இத்தனூண்டா?" என்று சொல்லி அழுதாள். ஆஸ்பத்திரியில் அந்தச் சேதியைச் சொன்னபோதுகூட அழாதவள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. கொஞ்சம் அடங்கிய பிறகு, "படிச்சிருக்காங்கல்ல, அது போதும்" என்றாள். போதாது என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்த அப்பா கேட்டார்.

"என்ற பேரா? நான் என்னத்தக் கண்ணு எழுதுனேன்? அத அடிச்சுப்போட்டுப் புள்ள பேர எழுதச் சொல்லு."

"நெனச்சா அடிச்சு எழுதறதுக்கு அது நம்மூட்டுச் செவுரு இல்லீங்கப்பா" என்றேன். இருந்தாலும் எழுதிப் பார்த்தேன். அந்த நான்கு கட்டுரைகளை வெளியிட்ட பத்திரிகைக்கு என் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து, ஆசிரியர் பெயரைத் திருத்தும்படி கேட்டேன். ஆசிரியரே அடையாள அட்டையோடு விண்ணப்பிக்க வேண்டும் என்று பதில் வந்தது. அக்காவின் அட்டையில் இருந்தது புருஷன் இனிஷியல். கட்டுரையில் இருப்பது அப்பன் பெயர். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பதற்குக் கல்யாணச் சான்றிதழ் வேண்டும்; அது மாமாவிடம் இருந்தது. போன் பண்ணினேன், தேடிப் பார்க்கிறேன் என்றார். தேடிக்கொண்டே இருந்தார். ஐப்பசி மழையில் ஒருநாள் விடிகாலையில் அக்கா போய்விட்டாள்.

பட்டியலில் எதுவும் மாறவில்லை. இன்றைக்குத் தட்டினாலும் அப்பாதான் வருவார்.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து என் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது. அந்தப் பத்திரிகைக்காரர்கள் திருத்தாத பெயரோடு என் முகவரியைச் சேர்த்துவைத்திருப்பார்கள் போலிருக்கிறது. மதிப்பிற்குரிய டாக்டர் என்று போட்டு, அப்பாவின் பெயரை எழுதியிருந்தது. சனிக்கிழமை வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். அவர் மிளகை முறத்தில் போட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆரு எழுதியிருக்கறது?"

"ஆப்பிரிக்காவுல ஒரு பொண்ணுங்கப்பா. அங்கியும் குச்சிக்கெழங்குதான் சாப்பாடாம். நீங்க எழுதுனதப் படிச்சு அவிய ஊர்ல எந்த மேட்டுல நட்டா சீக்கு வராதுன்னு கண்டுபுடிச்சாங்களாம். மிச்சத்த எப்ப எழுதுவீங்கன்னு கேக்கறா."

முறத்தைக் கீழே வைத்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, சுடுகாட்டிலும் அழவில்லை. அன்றைக்கு மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு என் போனைக் காட்டினார்.

"என்னயத்தான கேட்டிருக்குது அந்தப் புள்ள? நாஞ் சொல்றேன், நீ எழுது சாமி."

"சொல்லுங்கப்பா."

"எழுதுனது நானில்ல. என்ற மவ. அவ செத்துப்போயிட்டா, இனி மிச்சம் வராதுன்னு எழுது."

எழுதினேன். முடித்துவிட்டு அக்கா பெயரை எப்படிப் போடுவது என்று கேட்டேன். அப்பா பெயரோடா, மாமா பெயரோடா?

"அவ பேர முழுசா எழுது" என்றார். "முன்னால ஆரையும் போடாத. பின்னாலயும் போடாத."