குடை வைத்த இடம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிலிபின் தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் கோப்பிக் கடையில் அந்தோணி அண்ணனுக்காகக் காத்திருந்தேன். அவருக்கும் சேர்த்தே தேத்தண்ணி சொல்லியிருந்தேன். கார் வரவில்லை, போன்தான் வந்தது. "தம்பி, என் தேத்தண்ணியையும் நீயே குடிச்சிரு. ஒங்க அக்கா போய்ட்டா."

அண்ணனின் மனைவி லூர்து அக்காவை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். பத்து காஜா பக்கம் ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். தோட்டம் கைமாறியதும் அவர்கள் சிலிபினுக்கு வந்தார்கள், நான் ஜெலாப்பாங்கில் ஒதுங்கினேன். அக்கா தொழிற்சாலைக்குப் போய் இரண்டு பெண்களை ஆளாக்கினார். ஞாயிறு பூசையைத் தவறவிட மாட்டார். அவரைக் காரில் கொண்டுவந்து இறக்குவதை அண்ணனும் தவறவிட மாட்டார். ஆனால் உள்ளே போக மாட்டார். பூசை முடியும்வரை என்னோடு கடையில்தான்.

நான் இந்து, எனக்கு உள்ளே வேலையில்லை. ஞானஸ்நானம் வாங்கிய மனிதர் ஏன் என்னோடு உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்கிறார் என்பது என் மண்டையைக் குடைந்தது. பாதரோடு சண்டையா, பாட்டுப் பிடிக்கவில்லையா என்று கேட்டுப் பார்த்தேன். "ரொட்டி ஆறுது, சாப்பிடுலா" என்பார். பள்ளியில் படிவம் மூன்றோடு நின்றவன் நான். அதற்கு மேல் ஆராய்ச்சி ஓடவில்லை.

அக்காவின் பேத்திக்கு ஞானஸ்நானம் நடந்தபோது முதன்முறையாக உள்ளே போனேன். கோயிலாயிற்றே என்று செருப்பை வாசலில் கழற்றிவிட்டேன். அண்ணன் அன்றும் வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே அக்காவின் பெஞ்சில், அவர் பக்கத்தில் ஒரு குடை மட்டும் கிடந்தது. அதை நகர்த்தி உட்காரப் போனேன்.

"அது அண்ணன் இடம் தம்பி. இந்தப் பக்கம் வா."

"அவருதான் வர மாட்டாரே அக்கா."

"வந்தா நின்னுக்கிட்டா இருப்பாரு?"

வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம். "கோயில்ல கழட்டணும்னு தெரிஞ்சவன் ஒருத்தன், எடுக்கணும்னு தெரிஞ்சவன் இன்னொருத்தன்" என்று அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, "அண்ணன ஒரு வார்த்த உள்ள கூப்பிட்டா என்னக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"கூப்பிட்டா வந்துருவாரு தம்பி. எனக்காக வருவாரு. அதான் கூப்பிடல."

எனக்குப் பாதிதான் புரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் மகனை நச்சரித்துக் கோயிலுக்கு இழுத்துப் போகிறவன் நான். சாமி முன்னால் நின்று அவன் போனைக் கும்பிடுவான்.

அடக்கப் பூசையன்று பெட்டி உள்ளே போனது. அண்ணன் வாசற்படியில் நின்றுவிட்டார். "வாங்கப்பா" என்று பெண்கள் இருவரும் கையைப் பிடித்தார்கள். "நீங்க போங்கம்மா" என்றார். பெரியவள் என் காதோரம், "மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள். மனைவியின் கடைசிப் பூசைக்கும் இவர் வெளியே நின்றுவிடுவாரோ என்று பயந்தேன். பதற்றத்தில் செருப்பைக் கழற்றினேன்.

"இங்க கழட்ட வேணாம்லா. எத்தன தடவ சொல்றது?" என்றார் அண்ணன்.

"பழக்கம்ணே."

"அன்னைக்குக் காணாப் போனது மறந்துருச்சா?" என்று முனகியபடி குனிந்து என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். எடுத்தவர் என் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டார்.

பெஞ்சில் அவர் இடத்தில் பெண்கள் அக்காவின் குடையை வைத்திருந்தார்கள். அதை எடுத்து அக்கா உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, அண்ணன் தன் இடத்தில் உட்கார்ந்தார். நான் குடைப்பக்கம் போனேன். "அங்க வேணாம் தம்பி. ஒங்க அக்கா இடம்."

இப்போதும் ஞாயிறானால் கடைக்கு வருகிறார். சில நாள் தேத்தண்ணியை முடித்துக்கொண்டு உள்ளே போகிறார், சில நாள் போவதில்லை. ஏன் என்று நான் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது இப்போது மகனைக் கூப்பிடுவதில்லை. மனைவியைப் பின்னால் உட்காரச் சொல்கிறேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். மகன் உட்காரும் முன்சீட்டில் குடையை வைத்துவிட்டு வண்டியை எடுக்கிறேன்.