பூஸ்ட் எவ்வளவு, மாப்ளே?

ஐம்பது வயதைக் கடந்த ஒருவன், பட்டப்பகலில், குடிக்காமல், காரில் காலியாகக் கிடந்த பக்கத்து இருக்கையைப் பார்த்து “எவ்வளவு மாப்ளே?” என்று கேட்டால் அவனை என்ன செய்யலாம்? கேட்டது நான்தான். இருக்கை பதில் சொல்லாததில் எனக்கு வருத்தமில்லை. பதில் வருமென்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன் பாருங்கள், அதுதான் வெட்கக்கேடு. இல்லையென்று சாதிக்கவும் வழியில்லை. கைபேசி எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்திருக்கிறது.

என் பழைய டர்போ காரில் பூஸ்ட் கன்ட்ரோலர் என்றொரு மின்னணுப் பெட்டி இருக்கிறது. அதற்குப் போகும் ரப்பர் ஓஸ் உப்புக்காற்றில் காய்ந்து வெடித்துவிட்டது. போன வாரம் புதிது மாட்டினேன். மாட்டினால் எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து செட் பண்ண வேண்டும். புது ரப்பரை முகர்ந்து பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. முகர்ந்தேன். ரப்பர் வாசனைக்குப் பின்னால் கருவாட்டு வாசனை வந்தது. கருவாட்டுக்குப் பின்னால் மலைச்சாமி வந்தான்.

மலைச்சாமி திருப்பாலைக்குடியில் அறிவியல் வாத்தியார். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடும் குடும்பம். கடலோரத்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் மீனில் முள்ளெடுக்கத் தெரியாமல் பெண்டாட்டியிடம் தட்டை நீட்டுகிறவன். நான் இராமநாதபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில், ஒரு மேசையிலிருந்த கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் காரை எடுத்துக்கொண்டு அவன் தெருவுக்குப் போய்விடுவேன். தெருவெல்லாம் கருவாடு காயும். காருக்கு ஓரமாக இடம் பிடிப்பதே ஒரு வித்தை.

டர்போ என்பது வேறொன்றுமில்லை. எஞ்சின் வெளியே விடுகிற புகையிலேயே சுழன்று, அதே எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற விசிறி. பூஸ்ட் என்கிற அந்தக் காற்றழுத்தம் அளவுக்கு மீறினால் ஒரு சின்னக் கதவு திறந்து புகையை வேறு வழியாக அனுப்பிவிடும். ‘அழுத்தம் ஏறிவிட்டது’ என்கிற செய்தியை அந்தக் கதவுக்குக் கொஞ்சம் தாமதமாகச் சேர்ப்பதுதான் கன்ட்ரோலரின் வேலை. அரசு அலுவலகத்தில் இருந்தவனுக்கு இது புரியாமல் போகுமா?

செட் பண்ணுகிற முறையும் எளிதுதான். முதலில் பெட்டியை அணைத்துவிட்டு ஓட்டி, கதவின் ஸ்பிரிங் தானாக எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு, காற்றழுத்தத்தை அளக்கிற ‘பார்’ கணக்கில், அரை பார் வந்தது. பிறகு பெட்டியில் துளித்துளியாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் மூன்றாவது கியரில் முழுக்க மிதித்து, ஊசி எதுவரை போகிறது என்று படிக்க வேண்டும். தொட வேண்டிய இலக்கு, ஒரு பார்; அதற்குக் கீழே வருகிற புள்ளி ஏழு, புள்ளி எட்டையெல்லாம் நாங்கள் வெறும் ஏழு, எட்டு என்போம். அழுத்தம் காட்டும் மீட்டரை என் கைத்திறனால் இடது பக்கம் கீழே ஒட்டித் தொலைத்திருந்தேன், ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. ஆகவே படிக்க ஓர் ஆள் வேண்டும். மலைச்சாமி வந்தான்.

தேவிபட்டினத்துக்குப் போகும் சாலையில், ஒரு டீக்கடையைத் தாண்டியதும் வளைவே இல்லாத நீட்டு ரோடு. இரண்டு பக்கமும் கருவேலமும் உப்பளமும். மிதிப்பேன். காதில் விசில் ஊதுகிற மாதிரி டர்போ எழும்.

“எவ்வளவு மாப்ளே?”

“ஏழு!”

“ஏலே, சரியாப் பாத்தியா?”

“பாக்காம என்னத்த, ஏழுதேன்! வண்டியப் பாத்து ஓட்டுலே, ஆடு கெடக்கு!”

ஆடு இருக்காது. திரும்பி வந்து, அவன் பெட்டியின் பொத்தானை அமுக்க, நான் ஓஸைத் தடவிப் பார்க்க, மறுபடி ஓட்டம். எட்டு வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஓஸில் ஓட்டையா என்று சோப்பு நுரை தடவினோம். வால்வைக் கழற்றி மாட்டினோம். “ஒன்னத் தொடாம விடக் கூடாது மாப்ளே, அதையும் பாத்திட்டுத்தான் ஓயிறது” என்பான். டீக்கடைக்காரர் மட்டும், “வாத்தியாரு மொகம் ஏன் வெளிறிக் கெடக்கு?” என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

அப்புறம் ஒரு பங்குனி மதியம். அவன் வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதே மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். தூக்கி முன்னிருக்கையில் உட்காரவைத்தோம். அவன் மனைவி பஞ்சவர்ணம் பின்னாலிருந்து அவன் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டது. அதே நீட்டு ரோடு வழியாக இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். தூங்கவிடக் கூடாது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே பேச்சு அதுதான்.

“எவ்வளவு மாப்ளே?”

மறுபடி கேட்டேன். கத்தினேன்.

“ஒன்னு” என்றான். குரல் ஓஸுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. “ஒன்னு வந்திருச்சு மாப்ளே.”

அதற்குப் பிறகு நான் கேட்டவை எதற்கும் அவன் பதில் சொல்லவில்லை.

போன வாரம் படிக்க ஆளில்லாமல் கைபேசியை மீட்டருக்கு எதிரே கட்டிவைத்து ஓட்டினேன். வீட்டில் போட்டுப் பார்த்தால், ஊசி நன்றாக ஏறிக்கொண்டே இருக்கிறது. சட்டென்று விழுகிறது. எஞ்சின் சத்தம் தணிகிறது. ஹாரன் இரண்டு முறை அடிக்கிறது. அடித்தது நான்தான். எதிரே ஈ காக்கை இல்லை.

அந்த நீட்டு ரோட்டின் பாதி வழியில், ஓரமாக, முனியசாமி இருந்தார். உடைமரம் என்கிற முள்மரத்தடியில் ஒரு பீடம், துருப்பிடித்த சூலம், அவ்வளவுதான் கோயில். அந்த வழியாகப் போகிற எந்த வண்டியும், பஸ்ஸே ஆனாலும், அங்கே வேகத்தைத் தணித்து இரண்டு ஹாரன் அடிக்காமல் போகாது. ஹாரன் கேட்டதும் அறிவியல் வாத்தியாரின் கையும் கன்னத்துக்குப் போகும். மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்கள்? ஊசி ஏறும்போதெல்லாம் என் கால்தான் மிதியிலிருந்து எழுந்திருக்கிறது. நாங்கள் ஓஸுக்குச் சோப்பு நுரை தடவிக்கொண்டிருந்தோம்.

அந்த ஒரு மதியம் மட்டும் என் கால் எழவில்லை. முனியசாமியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனேன். அதனால்தான் ஊசி ஒன்றைத் தொட்டது. அதனால்தான் என்று இன்னொன்றையும் மனசு சேர்த்துச் சொல்லும். அதை எழுத எனக்குத் தைரியமில்லை.

இப்போது அங்கே முனியசாமி இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது சூலத்தைப் பிடுங்கி ஊருக்குள் எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். உடைமரம் இல்லை. டீக்கடை இருந்த இடத்தில் சிமெண்டுக் கால்வாய். வழவழவென்று, வெறிச்சென்று, மிதிப்பதற்கென்றே போட்ட மாதிரி சாலை கிடக்கிறது. என் கால் மட்டும் சரியாக அந்த இடத்தில் எழுகிறது.

கைபேசியில் அதைப் பார்த்த மறுநாள் பஞ்சவர்ணத்தைப் பார்க்கப் போனேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவன் எவ்வளவு நாள் ஆசைப்பட்ட எண் அது, கடைசியில் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனான், எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அதுதான் என்று கொஞ்சம் இலக்கியமாகவே சொன்னேன்.

பஞ்சவர்ணம் காப்பித் தம்ளரை என் முன்னால் நகர்த்தி வைத்தது.

“அவுகளா? ஒங்க கார்ல ஏறுனா எறங்குற வரைக்கும் கண்ண இறுக்கி மூடிக்கிருவாகண்ணே, அம்புட்டுப் பயம். ‘அவன் கேட்டுக்கிட்டே இருக்கான், வாய்க்கு வந்தத எதையாச்சும் சொல்லிக்கிட்டு வாரேன்’னு வீட்ல வந்து சிரிப்பாக. அந்த ஊசி செவப்பா கருப்பான்னுகூட அவுகளுக்குத் தெரியாது.”