நூர் பாஷாவும் இரட்டைப் பலமும்

அர்ச்சுனனின் அம்மாவைத் தகனம் செய்த அன்று மழை வலுத்தபோது, தன் தையல் கடையின் தார்ப்பாயை அவிழ்த்து வந்து விறகுக்கு மேலே கட்டிவிட்டுப் போனவர் நூர் பாஷா. அதனாலேயே அவரிடம் கோபப்பட அர்ச்சுனனுக்கு மனம் வராது. இந்த ஆட்டத்தில் மட்டும் அவன் பொறுமை போய்விட்டது.

பாஷாவின் தம்பி குவைத்திலிருந்து கொண்டுவந்த ஆட்டம் அது. ஆளுக்கொரு வீரனை உருவாக்கி, பகடை உருட்டி, அவனைக் கதைக்குள் நடத்த வேண்டும். வீரனுக்கு இரண்டு திறமைகள் எடுக்கலாம் என்றது விதிப்புத்தகம். அர்ச்சுனன் இரண்டுக்கும் பலத்தையே கேட்டான். அப்படி எடுக்கலாமா என்று புத்தகத்தில் இல்லை; ஆட்டத்தை நடத்தும் பாஷாதான் முடிவு சொல்ல வேண்டும்.

“கூடாதுன்னு எழுதலியே பாய்!”

“எடுக்கலாம்னும் எழுதலியேப்பா. இல்லாதத நானா சொன்னா பாவமில்லயா?”

“இது வெளையாட்டுங்க! என் ஆளு பொறக்கறதுக்குள்ள எனக்கு மீசை நரைச்சிரும்.”

வெள்ளிக்கிழமைதோறும் பாஷா தொழுகை முடிந்து வருவார், புத்தகத்தைப் புரட்டுவார், பெருமூச்சு விடுவார். தம்பியைக் கேட்டு எழுதினார். பெட்டி அழகாக இருந்ததால் வாங்கினேன், விதியெல்லாம் தெரியாது என்று பதில் வந்தது. அர்ச்சுனன் தலையில் அடித்துக்கொண்டான். பெங்களூருக்குக் குடிபோகுமுன் ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும் என்றிருந்தான். அது நடக்கவே இல்லை.

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில்தான் இருவரும் கடைசியாகப் பார்த்துக்கொண்டார்கள். பஸ் நகர்ந்ததும் பாஷா ஜன்னலைப் பிடித்தபடி கூடவே நடந்தார்.

“யோசிச்சுட்டேன் அர்ச்சுனா. பலத்த ரெண்டு தடவ எடுத்துக்க. ஆனா எதிரியும் எடுப்பான், அப்பறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது!”