லெச்சுமி அக்கா தட்டிய தாளம்

ஹட்டன் ஆஸ்பத்திரியில் நோயாளி ஒருவரை இறக்கிவிட்டு, நான் ஓட்டும் தேயிலைத் தோட்டத்து ஆம்புலன்ஸில் சாய்ந்து கண்ணயர்ந்தபோதுதான் போன் வந்தது. வலப்பனையிலிருந்து லெச்சுமி அக்காவின் மகள் பேசினார். "அம்மா காலையில போயிட்டாங்க மாமா." அழக்கூட எனக்குத் தெம்பில்லை. அன்றைக்கு அது மூன்றாவது நடை.

நம் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து வாங்கிய எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். புண் கட்டுவார், கட்டிக்கொண்டே திட்டுவார். ஆம்புலன்ஸில் நோயாளியோடு வருவதும் அவர்தான். நான் சொல்லப்போவது உங்களில் பலருக்குத் தெரியாத சங்கதி.

ஒரு மழைக்காலத்தில், டிஸ்பென்சரிக்குக் கீழே உள்ள வளைவில் வண்டி வழுக்கி, ஒரு சக்கரம் பள்ளத்தின் மேல் தொங்கியது. அக்காவும் உள்ளே இருந்தார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அதன் பிறகு அந்த இடம் வந்தாலே என் கை விறைத்துவிடும், கண் இருட்டும். வெளியில் சொன்னால் வேலை போய்விடும், வீட்டில் உலை கொதிக்காது. வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிப் போன நாளில், வளைவுக்கு முன்பே வண்டியை நிறுத்திவிட்டேன். மூடுபனி என்று பொய் சொன்னேன். அக்கா முன் சீட்டில் இருந்தபடியே டேஷ்போர்டில் உள்ளங்கையால் தட்டத் தொடங்கினார். அவருடைய அப்பா தப்பு மேளம் அடிப்பவர். எல்லா அடியும் இவருக்கு அத்துப்படி. பின்னால் இருந்த பெண் வலியை மறந்து, யார் செத்துப்போனது என்று கேட்டாள். அவசரத்தில் அக்காவின் கைக்கு வந்தது சாவு வீட்டு அடி! சட்டென்று, திருவிழாவில் ஆடும் காமன் கூத்து அடிக்கு மாற்றினார்.

"தம்பி, பயம் போவாது. அதுக்கு ஒரு வேலையக் குடுங்க. அடிய எண்ணிக்கிட்டே ரோட்டப் பாருங்க."

எண்ணினேன். மூச்சு மெல்ல அந்த அடியோடு சேர்ந்துகொண்டது, கை இளகியது. வளைவு கடந்ததே தெரியவில்லை. அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது.

அதிலிருந்து ஓய்வு பெறும் வரை, அந்த வளைவு வந்தால் அக்காவின் கை டேஷ்போர்டுக்குப் போகும். காய்ச்சலோடு வந்த நாளிலும் தட்டினார். இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. பயம் இன்றும் இருக்கிறது; எண்ணிக்கொண்டிருப்பதால் என்னைத் தொல்லை செய்வதில்லை, அவ்வளவுதான். ஒருமுறை நன்றி சொல்லப் போனேன். ரோட்டைப் பார்க்கச் சொல்லி வாயை அடைத்துவிட்டார்.

பஸ் மாறி மாறி வலப்பனை போய்ச் சேர்ந்தபோது உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. காரியமெல்லாம் முடிந்த பின் மகளிடம் இந்தக் கதையைச் சொன்னேன்.

"அம்மாவுக்கு அந்த வளைவுன்னா உசுரே போயிரும் மாமா. கண்ண இறுக்க மூடிக்கிட்டுத்தான் தட்டுவாங்களாம்."

அக்காவை நினைத்தால் அழுகைக்கு முன்னால் வெட்கம் வருகிறது. அவருக்கும் பயம் இருக்கும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. காமன் கூத்து அடி என்னிடம் இருக்கிறது. ஸ்டியரிங்கில் கட்டைவிரலால் தட்டிக்கொள்கிறேன். அந்த வளைவில் அவர் முகம் எப்படி இருந்தது என்பதுதான் எனக்குத் தெரியாது. அவர் சொன்னபடி நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.