தற்குறி என்றான் அண்ணன்

இணையத்தில் இப்போது யாரை யார் திட்டினாலும் தற்குறி என்கிறார்கள். நடிகருக்காகச் சண்டை போடுகிறவன் தற்குறி, அவனை மறுத்துப் பேசுகிறவனும் தற்குறி. திட்டிக்கொள்ளட்டும், எனக்கென்ன? ஆனால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் அந்த வார்த்தையை அம்மா மேல் எறிந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பரமத்தி வேலூரில் தன் பெயரில் இருக்கும் வெற்றிலைக் கொடிக்காலை எனக்கும் அண்ணனுக்கும் சரிபாதியாக எழுதி வைக்கப்போவதாக அம்மா சொல்லியிருந்தாள். பொட்டப்புள்ளைக்கு எதற்கு நிலம் என்பது அண்ணன் கட்சி. "தற்குறி பேச்சைக் கேட்டு நிலத்தைக் கூறு போட முடியாது" என்று குழுவில் எழுதினான். கீழே சொந்தபந்தங்கள் வரிசையாகச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

கல்யாணத்துக்கு முன்பு நான் பத்திரம் எழுதுபவரிடம் தட்டச்சு வேலை பார்த்தவள். அந்த வார்த்தை எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். எழுதத் தெரியாதவர்கள் அந்தக் காலப் பத்திரங்களில் ஒரு கீறலோ பெருக்கல் குறியோ போடுவார்கள். பக்கத்தில் வேறொருவர், இது இன்னாருடைய தற்குறி என்று எழுதுவார். தன் குறி, தற்குறி. அவரவர் நிலத்துக்கு அவரவர் போட்ட அடையாளம். பிறகுதான் அது எழுத்தறியாதவருக்கே பெயராகி, வசவாகி, இன்று செல்போனுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதையெல்லாம் குழுவில் விலாவாரியாக எழுதினேன்.

அண்ணன் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வெற்றிலை கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன பெருவிரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பத்திர ஆபீசுக்கு என்றைக்குப் போகலாம் என்று மட்டும் கேட்டாள். அண்ணன் வராவிட்டால் முழு நிலமும் என் பெயருக்குத்தான் என்று சொல்லி அனுப்பினாள். பதிவு நாளன்று ஆபீசில் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றான் அண்ணன்.

அம்மா இடது பெருவிரலை ரேகை பதியும் கருவியில் வைத்தாள். உடனே பதிந்தது. அடுத்து நான் வைத்தேன். அண்ணன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தான். கையெழுத்து அப்புறம், முதலில் ரேகை, படித்தவர் படிக்காதவர் எல்லோருக்கும் அதுதான் என்றார் அலுவலர். பேனாவை மூடிவிட்டுப் பெருவிரலை வைத்தான். பதியவில்லை. மறுபடி வைக்கச் சொன்னார்கள்.

அம்மா பக்கத்தில் போய் அவன் தோளைத் தட்டினாள்.

"நல்லா அமுத்தி வை சாமி. இந்தத் தற்குறி வெச்சதுனாலதான் உனக்கும் பாதி."