தொடங்கிவைத்த சர்வர்

என் முதலாளிக்கு நல்ல நேரம் பார்க்கும் பைத்தியம் உண்டு. அது அவர் பாடு என்று விட்டிருப்பேன். அந்த வெள்ளிக்கிழமை அது என் தலையில் வந்து விடிந்தது.

ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் அலுவலகம். அவரும் நானும் மட்டும்தான். என் தற்காலிக வேலை அன்றோடு முடிகிறது. ஒரு புடவைக்கடையின் இணையதளத்தைப் புது லினக்ஸ் சர்வருக்கு மாற்றிக் காட்டினால், என்னை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெரிப் படகு ஏறி வருகிற எனக்கு அந்தக் கடிதம் வேண்டும். வெட்கத்தை விட்டுக் கெஞ்சும் அளவுக்கு வேண்டும். கடைக்கார அக்கா பன்னிரண்டு மணிக்குப் பார்க்க வருவதாக ஏற்பாடு.

எட்டரைக்கு கன்ட்ரோல் பேனலை நிறுவ உட்கார்ந்தேன். தளம், மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து நடத்தும் மென்பொருள் அது. ஒரே கட்டளை, அரைமணி நேர வேலை. முதல் நிமிடத்திலேயே முரண்டு பிடித்தது: இது காலி சர்வர் இல்லை, உள்ளே ஏதோ இருக்கிறது, நிறுவ மாட்டேன்.

"அண்ணே, இந்த சர்வர யாராச்சும் தொட்டீங்களா?"

"சே, நான் ஏன் தொடப்போறேன்? நேத்துதானே லா வாடகைக்கு எடுத்தேன்."

நம்பினேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். தரவுத்தள மென்பொருள் பாதியில் கிடந்தது, அதை நீக்கினேன். அதை நீக்கியதும் வேறொன்று அது இல்லாமல் முடியாது என்று கத்தியது. முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்று "இன்னுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எரிச்சலில் பத்தரை மணிக்குத்தான், சர்வரில் யார் எப்போது என்ன செய்தார்கள் என்று குறித்துவைக்கும் பதிவுக் கோப்பைத் திறந்தேன். முதலிலேயே திறந்திருக்க வேண்டும். அன்று காலை ஆறு பதினான்குக்கு, அவருடைய வீட்டு இணைப்பிலிருந்து, நிறுவல் தொடங்கியிருக்கிறது. ஆறு பதினைந்துக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது.

திரையைக் காட்டினேன்.

"இதுவா? நல்ல நேரத்துல தொடங்கி வெச்சேன் லா. மிச்சத்த நீ செய்வேன்னு நிறுத்திட்டேன். இதெல்லாம் தொட்டதா?"

முகத்தில் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால்தான் சரியாகும் என்றேன். மணி பார்த்தார்.

"ராகு காலம் ஆரம்பிச்சிருச்சு. பன்னெண்டு வரைக்கும் கைய வெக்காத."

சொல்லிவிட்டுச் சாப்பிடக் கீழே இறங்கிவிட்டார். பன்னிரண்டுக்குத் தொடங்கினால் பன்னிரண்டுக்கு வருகிறவருக்கு எதைக் காட்டுவது? அவருடைய செருப்புச் சத்தம் படியில் அடங்கியதும் சர்வரைத் துடைத்து அழித்தேன். லினக்ஸைப் புதிதாக ஏற்றி, அதே கட்டளையைக் கொடுத்தேன். ஒரு முனகல்கூட இல்லாமல் நிறுவிக்கொண்டது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது புடவைகள் எல்லாம் திரையில் ஒழுங்காக வந்து நின்றன.

முதலாளியும் அக்காவும் ஒன்றாகவே மாடியேறி வந்தார்கள்; எப்போது முடித்தாய் என்று அவர் கேட்கவே இல்லை. அக்கா பார்த்துச் சிரித்தார். முதலாளி கடிதத்தை எடுத்து மேசையில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"பாத்தியா? நான் தொடங்கி வெச்ச நேரம் சும்மாவா?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இன்னும் ஒரே ஒரு நிமிடம். முடியவில்லை.

"நீங்க தொடங்கினத நான் அழிச்சிட்டேன் அண்ணே. இது ராகு காலத்துல போட்டது."

அக்காவின் சிரிப்பு நின்றது. "ராகு காலத்துலயா? என் கடையவா?" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார். வேலை செய்கிற தளம் கண்ணெதிரே இருந்தது. அதை இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதலாளி பேனாவை மூடினார். "அழிச்சிரு. திங்கக்கெழம நேரம் பாத்து மறுபடி போடலாம். கடிதத்தையும் அப்பப் பாத்துக்கலாம்."

அழித்தேன். நிச்சயமாகவா என்று திரை ஒருமுறை கேட்டது. அந்த அலுவலகத்தில் அன்று என்னைக் கேட்டது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை நல்ல நேரத்தில் அவரே தொடங்கி வைத்திருப்பார். முடித்துக்கொடுக்க நான் போகவில்லை.